பிள்ளை பார்க்க வந்தவர்கள்

எங்கள் ஊரில் பிள்ளை பெற்ற வீட்டுக்குள் யாரும் வரலாம். வாசலில் சலாம் சொல்லிச் செருப்பைக் கழற்றினால் போதும், பெற்றவள் படுத்திருக்கும் அறை வரைக்கும் நேரே போகலாம். கட்டிலில் ஏறி இருக்கலாம். பிள்ளையைத் தூக்கலாம். பால் வருகிறதா என்று கேட்கலாம். வரவில்லை என்றால் சட்டையை விலக்கித் தொட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு. இதையெல்லாம் அன்பு என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ராத்தாவுக்குப் பிள்ளை கிடைத்த வருடத்தில்தான் அது எனக்குக் குமட்டத் தொடங்கியது.

ராத்தா, என் அக்கா, என்னைவிட மூன்று வயது மூத்தவள். வாய்க்காரி. யாருடைய பேச்சையும் நடையையும் அப்படியே செய்து காட்டுவாள். வாப்பாகூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழும்பிப் போய்விடுவார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். எங்கள் வளவுக்குள்ளேயே வாப்பா ராத்தாவுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். ராத்தாவின் மாப்பிள்ளை, எங்கள் மச்சான், அந்த வீட்டில் இருந்தது கொஞ்ச நாள்தான். கட்டாரில் லொறி ஓட்டும் வேலை. பிள்ளை உண்டான செய்தியை அவருக்குத் தொலைபேசியில்தான் சொன்னோம்.

கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு உம்மாவும் நானும் ராத்தாவோடு போவோம். நான் அப்போது ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கிளினிக் நாளில் லீவு போட்டுவிடுவேன். ஒருமுறை குடும்பநல மாது, நாங்கள் மிஸ் என்று கூப்பிடுகிறவர், நிறை பார்த்து வயிற்றை அளந்த பிறகு மனதைப் பற்றியும் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்றார். எல்லாக் கர்ப்பிணிகளிடமும் கேட்கச் சொல்லியிருக்கிறார்களாம். நல்ல காரியம்தான். ஆனால் கேட்ட இடத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மேசை, அதற்கு ஒரு திரைகூட இல்லை. இந்தப் பக்கம் உம்மா, அந்தப் பக்கம் நான், முதுகுக்குப் பின்னால் உட்காரும் வாங்கு நிறையப் பெண்கள். எல்லாரும் ஒரேயடியாகப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். முன்பு போலச் சிரிக்க முடிகிறதா, நித்திரை வருகிறதா, காரணம் இல்லாமல் பயம் வருகிறதா என்று மிஸ் கேட்டுக்கொண்டே போனார். வீட்டில் யாரும் அடிக்கிறார்களா என்ற கேள்விக்கு ராத்தா வாய் திறக்க முன்பே உம்மா பதில் சொல்லிவிட்டார். பின்னால் ஒருத்தி பல்லுக்குள் சிரித்தாள்.

ராத்தா எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளை மாதிரிப் பதில் சொன்னாள். திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் மிஸ் மாதிரிச் செய்து காட்டினாள். நாங்கள் சிரித்தோம். அவள் அப்போதே ராவெல்லாம் விழித்துக் கிடந்தாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அந்த மேசையில், அத்தனை காதுகளுக்கு முன்னால், உண்மையைச் சொல்லக்கூடிய ஒருத்தி எங்கள் ஊரில் இல்லை.

வயிற்றை வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. வீட்டுக்கு வந்ததும் நாற்பது நாள் காவல் தொடங்கியது. சன்னல் பூட்டு, காதில் பஞ்சு, உள்ளியும் மிளகும் அரைத்த சரக்குக் கறி, பால்சுறாப் புட்டு. அந்த அறையின் மணம் இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. புளித்த பால், வியர்வை, வேப்பிலைப் புகை, அதற்கு மேல் வந்து போகிறவர்களின் அத்தர். ராத்தா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். பிள்ளை தூங்கினாலும் அவள் தூங்குவதில்லை. தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. பாலூட்டும்போது பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை, கூரையைப் பார்ப்பாள். பால் கழுத்தில் வடிந்து காய்ந்தாலும் துடைக்கமாட்டாள். சொன்னால் என்ன, எனக்கு அவளையே அருவருத்தது. கிட்டப் போக மனம் வரவில்லை. கண்ணூறு என்றார் உம்மா. தண்ணீர் ஓதி வாங்கிக் கொடுத்தார். வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே எங்கள் தேத்தண்ணியைக் குடித்தார்கள், கட்டில் விரிப்பெல்லாம் பிஸ்கட் தூள் உதிர்த்தார்கள்.

மிஸ் வீட்டுக்கு வந்தபோது இந்தமுறை அவர் வேறு மாதிரி நடந்துகொண்டார். காயம் பார்க்க வேண்டும், எல்லாரும் வெளியே இருங்கள் என்றார். தான் பெற்ற தாய் என்று உம்மா சொல்லிப் பார்த்தார். மிஸ் விடவில்லை. கதவைச் சாத்தினார். காயம் பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது. உம்மா கதவுக்கு வெளியே நின்று காதைக் கொடுத்தார்; உள்ளே ராத்தாவின் குரல் கேட்டது, என்ன சொல்கிறாள் என்று விளங்கவில்லை. வெளியே வந்த மிஸ், ராத்தாவை ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும், நாளைக்கே போக வேண்டும் என்றார். இது பிள்ளை பெற்ற நிறையப் பேருக்கு வருகிற வருத்தம், மருந்து இருக்கிறது, சுகமாகும் என்று இரண்டு தரம் சொன்னார். உம்மாவுக்கு அது ஒன்றும் ஏறவில்லை.

மிஸ் போனதும் உம்மா என்னைக் குசினிக்குள் இழுத்தார்.

"ஒரு கொமரு இன்னும் ஊட்டுக்குள்ள இரிக்கி. இந்த நேரத்தில விசர் எண்டு ஊரெல்லாம் கதைக்கிறதுக்கா?"

கலியாணம் ஆகாத அந்தக் கொமரு நான்தான். பக்கத்து ஊரில் எனக்கு ஓர் இடம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை அரசாங்க உத்தியோகம். அவரைப் படத்தில் பார்த்திருந்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

அடுத்த நாள் நான்தான் ராத்தாவைக் கூட்டிக்கொண்டு போனேன். உம்மா பிள்ளையோடு ஓட்டோவுக்குள்ளேயே இருந்துகொண்டார், இறங்கவில்லை. அந்தக் கிளினிக்கின் வாங்கை யார் அங்கே போட்டார்களோ தெரியாது. மருந்து எடுக்க வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் நேர் எதிரே இருந்தது. அதில் இருக்கிறவர்கள் யார், எந்தத் தெரு, யாருடைய மகள் என்று பார்த்து முடிக்க வரிசைக்கு நல்ல நேரம் கிடைத்தது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு பெண்ணும் அந்த வரிசையில் நின்றார். எனக்குக் கையைக்கூடக் காட்டினார்.

உள்ளே இருந்த டொக்டர் ஒரு பொம்பிளை. எங்கள் தமிழில்தான் கதைத்தார். என்னை வெளியே அனுப்பிவிட்டு ராத்தாவோடு கனநேரம் இருந்தார். என்ன கேட்டார், அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. மருந்துப் பையோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு நடந்து வரும்போது ராத்தா தானாகவே சொன்னாள்.

"புள்ள அழுதா வேற ஆரோட புள்ளையோ அழுற மாதிரி இருக்கு. இவள உன்னட்டத் தந்திட்டுக் கடலுக்குள்ள நடந்து போனா என்ன எண்டு நினைச்சன். ஒரு நாள் இல்ல, எல்லா நாளும்."

நான் அவள் கையைப் பிடித்தேன். ஓட்டோவுக்குள் ஏறியதும் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. உம்மா இருந்தார்.

குளிசை உடனே வேலை செய்யவில்லை. கிழமைகள் போயின. பிறகு ஒரு நாள் ராத்தா தலை சீவிக்கொண்டு வந்து குசினியில் நின்றாள். இன்னொரு நாள் பிள்ளையின் காலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், ஆனால் எனக்கு அது பெரிய விசயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையின் தாயும் தாயின் தங்கச்சியும் பிள்ளை பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். பேச்சு நடக்கிற வீட்டுக்குப் பிள்ளை பார்க்க வருவது வழக்கம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மருந்து வரிசையில் நின்றவர் எங்கள் ஒழுங்கையில் மட்டுமா கதைத்திருப்பார்? உம்மாவுக்கும் அது தெரியும். அன்று காலையிலேயே குளிசைப் பையை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்தார். ராத்தாவைக் குளிக்க வைத்து, புதுச் சட்டை போட்டு, கண்ணுக்குச் சுருமா எழுதி, கட்டிலில் அல்ல, கதிரையில் இருத்தினார்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். குழந்தைச் சவர்க்காரம், பவுடர் அடுக்கிய பெட்டி ஒன்று, பெரிய பிஸ்கட் டின் ஒன்று. தாய் பெருத்த ஆள், மெதுவாகக் கதைப்பவர். அவருடைய தங்கச்சி, மாப்பிள்ளையின் சாச்சி, மெலிந்தவர், அவருடைய கண் அறையின் மூலைகளிலேயே நின்றது. மேசை லாச்சி கொஞ்சம் திறந்திருந்தது. பிள்ளையின் துணியை எடுப்பது போல அதை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார். வெட்கப்படவில்லை.

பிறகு தாய் கேட்கத் தொடங்கினார். குரலில் சீனி வழிந்தது.

"ராவைக்கு நித்திர வருதா மகள்? புள்ள அழுதாக் கோவம் வருமா? சும்மா இரிக்கக்குள்ள அழுகை கிழுகை வாறல்லையே?"

மிஸ் கேட்ட கேள்விகள்தான். மிஸ் கேட்டது ஒருத்தி உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்காக. இவர்கள் வாங்க வந்த மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலக் கேட்டார்கள். சாச்சி பிள்ளையைத் தூக்கி ராத்தாவின் மடியில் வைத்தார். வைத்துவிட்டு அவள் எப்படிப் பிடிக்கிறாள் என்று குனிந்து பார்த்தார்.

ராத்தா அந்தப் பரீட்சையில் தேறினாள். பிள்ளையை நெஞ்சோடு அணைத்துத் தாலாட்டினாள். நித்திரையா மாமி, இவள் விட்டால்தானே என்று சிரித்தாள். ஊர்ப் பெண் ஒருத்தியைச் செய்து காட்டினாள். இருவரும் விழுந்து சிரித்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள், வட்டிலப்பம் சாப்பிட்டார்கள், விரலை நக்கினார்கள். அவர்கள் படலையைத் தாண்டியதும் ராத்தா பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுக் குளியலறைக்குள் போய் வாந்தி எடுத்தாள். உம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. அவர் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டு கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அரிசி வாளிக்குள் போன குளிசை வெளியே வரவில்லை. அது எனக்குத் தெரியாது. ராத்தா மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த பிறகுதான் கேட்டேன். எழும்பி நின்றால் தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். பிறகுதான் சொன்னாள், கலியாணத் திகதி வைக்கும் வரைக்கும் குளிசை வேண்டாம் என்று உம்மா சொன்னாராம், அவளும் சரி என்று விட்டாளாம். ஏன் விட்டாய் என்று கேட்டேன். உனக்காகத்தான் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

நான் உம்மாவிடம் போனேன். உம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. குளிசை பாலில் கலக்கும் என்றார். டொக்டர் கேட்டு விசாரித்துத்தான் தந்தவர் என்றேன். உம்மா அடுத்த மீனை எடுத்தார்.

"திகதி மட்டும் வைக்கட்டும். புறகு என்ன குளிசையெண்டாலும் போடட்டும்."

"அதுக்கிடையில ராத்தாக்கு என்னவும் நடந்தா?"

"வாயக் கழுவு" என்றார் உம்மா. மீன் செதில் ஒட்டிய கையால் என்னைப் போகச் சொன்னார்.

வாப்பாவிடம் சொன்னேன். பொம்பிளைகளின் விசயம் என்றார். நற்பிட்டிமுனைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. அன்றைக்கென்று பார்த்து வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது அவருக்கு. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் வீட்டில் ஒரு மகளின் உயிரை வைத்து இன்னொரு மகளுக்கு மாப்பிள்ளை எடுக்கிறார்கள், அந்த இன்னொரு மகள் நான். அன்று பின்னேரம் நானே அரிசிக்குள் கையை விட்டுப் பையைத் தேடினேன். அங்கே இல்லை. உம்மா இடம் மாற்றியிருந்தார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. திகதி பேச அவர்கள் வருகிற நாள் அதுதான் என்று எனக்குக் காலையில்தான் சொன்னார்கள். ஆண்கள் வாப்பாவோடு முன் மண்டபத்தில் இருந்தார்கள். தாயும் சாச்சியும் உள்ளே வந்தார்கள். ராத்தா அதே கதிரையில், அதே சட்டையில், மடியில் பிள்ளையோடு இருந்தாள். சுருமா கொஞ்சம் கலைந்திருந்தது.

"முகம் வாடிக் கிடக்கே மகள். நித்திர இல்லையோ?" என்றார் தாய்.

ராத்தா இந்தமுறை சிரிக்கவில்லை.

"இல்ல மாமி, நித்திர இல்ல. புள்ள கிடைச்சதில இருந்து எனக்கு மனசுக்குச் சுகமில்ல. ஆஸ்பத்திரியில குளிசை தந்தாங்க, கொஞ்சம் சுகமா வந்திச்சு. நீங்க வாறீங்க எண்டு உம்மா நிப்பாட்டிட்டா. நானும் ஓம் எண்டு இருந்திட்டன். இப்பத் திரும்பவும் ஏலாம இரிக்கி."

முன் மண்டபத்தில் வாப்பா எதையோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. உம்மா முகம் வெளுத்து நின்றார்.

"அவ பகிடிக்குச் சொல்றா."

"பகிடி இல்ல உம்மா" என்றாள் ராத்தா.

மாப்பிள்ளையின் தாய் எழும்பி வந்து ராத்தாவின் மடியிலிருந்து பிள்ளையை எடுத்தார். நெருப்புக்குப் பக்கத்தில் கிடக்கும் துணியை எடுப்பது போல எடுத்துத் தன் தங்கச்சியின் கையில் கொடுத்தார். நான் வாழ்க்கையில் பார்த்த அசிங்கங்களில் அதற்கு மேல் ஒன்றில்லை. ராத்தா இரண்டு கையையும் நீட்டினாள்.

"என்ட புள்ளையத் தாங்க."

சாச்சி மாப்பிள்ளையின் தாயைப் பார்த்தார். பிறகு கொடுத்தார். கொடுத்த பிறகும் ராத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்; பயம் என்று நினைத்தேன்.

தேத்தண்ணி குடிக்காமலே கிளம்பினார்கள். ஆண்கள் முன்னால் போனார்கள். சாச்சி மட்டும் செருப்புத் தேடுவது போலப் பின்தங்கினார். நான் வாசலில் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டார்.

"மகள், அந்தக் குளிசை குடுக்கிற கிளினிக் என்ன நாளையில?"

யாருக்கு என்று கேட்டேன். தன் மகளுக்கு என்றார். பிள்ளை கிடைத்து நாலு மாதமாம். கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே கிடக்கிறாளாம், பிள்ளையைத் தொடுவதில்லையாம். மகளின் மாப்பிள்ளையுடைய ஆட்கள் அறிந்தால் என்ன நடக்கும் என்று சொல்லும்போது படலைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். நான் நாளைச் சொன்னேன். நேரத்தோடு போகச் சொன்னேன். அங்கே இருந்தால் ஆரும் காணுவார்களா என்று கேட்டார்.

"காணுவாங்க" என்றேன்.

அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

சில நாள் கழித்துப் புரோக்கர் வந்து வாப்பாவிடம் சொன்னார், அவர்கள் இஸ்திகாரா தொழுது பார்த்தார்களாம், மனம் ஒப்பவில்லையாம். அல்லாஹ்விடம் நல்வழி கேட்கும் தொழுகை அது. தங்கள் வாயால் சொல்லக் கூச்சப்பட்டதை அதன் மேல் ஏற்றிவிட்டார்கள். நான் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். புரோக்கர் போக எழும்பும்போது இன்னொன்றும் சொன்னார். தாய் கொஞ்சம் யோசித்தாராம். சாச்சிதான் விடவில்லையாம். இது வித்திலேயே வருகிற வருத்தம், பரம்பரைக்கும் ஓடும், இந்த வீட்டில் எடுக்கவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாராம்.

சாச்சியின் வீடு எங்கே என்று எனக்குத் தெரியும். ஓட்டோ பிடித்துப் போய் அந்த வாசலில் நின்று கத்தினால் பத்து நிமிசத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். ஒரு பொழுது முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் போகாததற்கு அந்த மனிசி காரணம் இல்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒருத்தி இருந்தாள்.

ராத்தாவை நான் திரும்பவும் கிளினிக்குக் கூட்டிப் போனேன். பழைய பையை உம்மா எங்கே வைத்தார் என்று கடைசி வரைக்கும் சொல்லவில்லை, புதிதாக வாங்கினோம். குளிசையை யார் நிறுத்தச் சொன்னது என்று டொக்டர் கேட்டபோது ராத்தா தானே விட்டுவிட்டதாகச் சொன்னாள். உம்மாவைக் காட்டிக் கொடுக்கவில்லை. டொக்டர் என்னைப் பார்த்தார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. சுகம் மெல்ல மெல்லத்தான் வந்தது, முன்பு வந்ததைவிட மெதுவாக. மச்சான் லீவில் வந்து போனார். அவருக்கு ராத்தாவே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்து, குளிசையை விடாதே என்று மட்டும் சொன்னாராம்.

உம்மா கனநாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ராத்தா அப்படிச் சொல்லும்படி நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று இன்றைக்கும் நம்புகிறார். இல்லை என்று சொல்லிக் களைத்துவிட்டேன். ஆனால் காலையில் குளிசையையும் தண்ணீரையும் இப்போது அவர்தான் எடுத்துக்கொண்டு போகிறார். விழுங்கும் வரைக்கும் நிற்கிறார். யாரும் கேட்டால் பிரஸர் குளிசை என்கிறார். இந்த வயதிலேயே பிரஸரா என்று வந்தவர்கள் வாயில் கை வைப்பார்கள். ஓம், எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் இருக்கிறது என்று உம்மா தேத்தண்ணி ஊற்றுவார். அந்தப் பொய்யைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராத்தா என் கையை அமத்துவாள்.

சாச்சியின் மகள் கிளினிக்குக்குப் போனாளா என்று எனக்குத் தெரியாது. முகத்தை மூடிக்கொண்டு அந்த வாங்கில் இருக்கிற பெண்கள் நிறையப் பேர். அவளை நான் ஒருபோதும் பார்த்ததில்லை. பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.